மூன்றாவது உரிமையாளரிடம் கேளுங்கள்

பத்துப் பன்னிரண்டு வயதான பெரிய சொகுசு கார் ஒன்றை இரவில் நிறுத்திவிட்டுக் காலையில் வந்து பார்த்தால், சில நாள் அது ஒட்டகம் போல ஒரு பக்கம் மண்டியிட்டிருக்கும். டயரில் காற்று சரியாகத்தான் இருக்கும். காரின் உடல்தான் இறங்கியிருக்கும். முன்சக்கரத்தின் மேலுள்ள வளைவுக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழையாது. எஞ்சினை இயக்கியதும் அடியில் எங்கோ ஒரு சிறு மோட்டார் முனகத் தொடங்கும். அரை நிமிடம், முக்கால் நிமிடம் போனதும் கார் மெல்ல எழுந்து நேராக நிற்கும். ஒன்றுமே நடக்காதது போல ஓட்டிக்கொண்டு போகலாம். ஆனால் அந்த முனகலைக் கேட்ட மெக்கானிக், உரிமையாளரின் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வார்.

அந்தக் காரில் இரும்புச் சுருள்வில் கிடையாது. சக்கரத்துக்கு ஒன்றாகத் தடித்த ரப்பர் பைகள், அவற்றுக்குள் அழுத்தப்பட்ட காற்று. ஏர் சஸ்பென்ஷன் என்பது இதுதான். சுருள்வில்லை மென்மையாக வைத்தால் வளைவில் கார் ஆடும். கடினமாக வைத்தால் பள்ளத்தில் இடுப்பு நோகும். எது வேண்டும் என்பதைத் தொழிற்சாலையிலேயே முடிவு செய்துவிட வேண்டும். காற்றுப் பையில் அந்தக் கட்டாயம் இல்லை. பின்னிருக்கையில் மூன்று பேர் ஏறினாலும் கார் தாழாது. நெடுஞ்சாலையில் வேகம் கூடினால் தானாகச் சற்றுத் தணிந்துகொள்ளும். கரடுமுரடான பாதையில் பொத்தானை அழுத்தினால் உயர்ந்துகொள்ளும். இந்த ஆசை பழையது. 1955-இல் சிட்ரோயன் டிஎஸ் காரில் எண்ணெயும் வாயுவும் சேர்ந்து சுருள்வில்லின் வேலையைச் செய்தன. அதன் நுட்பத்தை உரிமம் பெற்று ரோல்ஸ் ராய்ஸ் 1965-இல் தன் சில்வர் ஷேடோவில் பயன்படுத்தியது. மெர்சிடிஸ் 1961-லேயே காற்றில் மிதக்கும் காரை விற்றது. 1998-இல் வந்த எஸ் கிளாஸில் அதையே பொது விதியாக்கியது.

ரப்பருக்கு வயது உண்டு. ஆயிரக்கணக்கான முறை மடங்கி விரியும் இடத்தில் முதலில் மயிரிழை போல ஒரு வெடிப்பு விழும். இரவெல்லாம் காற்று கசியும். பைகளில் காற்றை நிரப்பும் அந்தச் சிறு மோட்டார்தான் கம்ப்ரெசர். எப்போதாவது சில விநாடிகள் மட்டும் ஓடுவதற்காகச் செய்யப்பட்ட அது, கசிவை ஈடுகட்ட ஓடிக்கொண்டே இருக்கும். சூடேறும், ஈரம் சேரும், ஒருநாள் கருகும். விவரம் தெரியாதவர் கம்ப்ரெசரை மட்டும் மாற்றுவார். பழைய பைகள் புதிய கம்ப்ரெசரையும் தின்றுவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஷோரூமிலிருந்து இந்தக் காரை ஓட்டிச் சென்ற முதல் உரிமையாளர் அந்த முனகலைக் கேட்டதே இல்லை. மூன்று நான்கு வருடம் மேகத்தில் போவது போலப் போய்விட்டு, உத்தரவாதம் முடியும் நேரத்தில் விற்றுவிட்டு அடுத்த மாடலுக்குப் போய்விட்டார். இரண்டாமவர் ஓரளவு தப்பித்தார். ரப்பர் வெடித்தது மூன்றாமவர் கையில். சொகுசு கார்களில் புதிய தொழில்நுட்பம் நல்லதா கெட்டதா என்று கேட்டால், எத்தனையாவது உரிமையாளருக்கு என்று திருப்பிக் கேட்பதுதான் நியாயம். இன்பம் ஒருவருக்கும் பில் இன்னொருவருக்கும் போகிறது.

முதலாமவரை ஒரேயடியாகத் திட்டிவிடவும் முடியாது. நாம் எல்லோரும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். 1912-இல் காடிலாக் மின்சார ஸ்டார்ட்டரைக் கொண்டுவரும் வரை, முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்றித்தான் எஞ்சினை எழுப்ப வேண்டும். அது திருப்பி அடித்தால் மணிக்கட்டு முறியும். 1978-இல், அவசரமாகப் பிரேக் பிடித்தாலும் சக்கரம் இறுகி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் பிரேக்கைப் பாஷ் நிறுவனத்துடன் சேர்ந்து மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் கொடுத்தபோது, தனியாகப் பணம் கட்டிக் கேட்டு வாங்கியவர்களுக்குத்தான் அது கிடைத்தது. அவர்கள் கட்டிய பணத்தில்தான் அந்த நுட்பம் தேறி, விலை இறங்கி, சாதாரணக் காருக்கும் வந்து சேர்ந்தது.

இந்த இறக்கம் எப்போதும் மெதுவாகத்தான் நடக்கும் என்றில்லை. 1995-இல் அதே நிறுவனத்தின் மிகப் பெரிய கூபே காரில் இஎஸ்பி வந்தது. ஸ்டியரிங் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கார் உண்மையில் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கருவி அது. வித்தியாசம் தெரிந்தால் ஏதாவது ஒரு சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்துக் காரை நேராக்கும். கோடீசுவரர்களின் விளையாட்டுப் பொருளாகவே அது பல வருடம் இருந்திருக்கலாம். ஆனால் 1997 அக்டோபரில் ஸ்வீடனில் ஒரு பத்திரிகை, சாலையில் திடீரெனக் காட்டுமான் குறுக்கே வந்தால் ஓட்டுநர் என்ன செய்வாரோ அதைச் செய்து பார்க்கும் சோதனையை மெர்சிடிஸின் மிகச் சிறிய ஏ கிளாஸ் காரில் நடத்தியது. புத்தம் புதிய கார் உருண்டு கவிழ்ந்தது. உலகமே சிரித்தது. அவமானம் தாங்காத நிறுவனம் விநியோகத்தை நிறுத்தி, தன் விலை உயர்ந்த காரிலிருந்த இஎஸ்பியை மிக மலிவான காரிலும் கட்டாயமாகப் பொருத்தியது. பிறகு மற்றவர்களுக்கும் வேறு வழி இருக்கவில்லை. 2014 நவம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் எந்தப் புதிய காரும் அது இல்லாமல் விற்பனைக்கு வர முடியாது.

பெரிய மனிதர்களின் பணத்தில் நடக்கும் சோதனை என்றால், தோற்கவும் வேண்டுமல்லவா? 1981-இல் காடிலாக் எட்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்தது. பாரம் குறைவாக இருக்கும்போது ஆறு சிலிண்டரிலும், இன்னும் குறைந்தால் நான்கிலும் ஓடி எரிபொருளை மிச்சப்படுத்தும் என்றார்கள். யோசனை அருமையானது. ஆனால் அதை நடத்திய கணினி அக்காலத்துக் கணினி; காலடியின் அவசரத்துக்கு அதனால் ஓடி வர முடியவில்லை. கார் குலுங்கியது, திணறியது. கடைசியில் பலர் ஒர்க்‌ ஷாப்பில் ஒரு வயரைக் கழற்றிவிடச் சொல்லி, எட்டு சிலிண்டரிலேயே ஓட்டிக்கொண்டார்கள். இன்று அதே யோசனை எத்தனையோ எஞ்சின்களில், ஓட்டுபவருக்கே தெரியாமல் வேலை செய்கிறது. யோசனை பிழைத்துக்கொண்டது. அதை முதலில் வாங்கியவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

மெர்சிடிஸின் மின்னணு பிரேக் கதை இதைவிட விசித்திரமானது. 2001-இல் எஸ்எல் காரிலும் அடுத்து இ கிளாஸிலும் வந்த அமைப்பில், பிரேக் பெடலுக்கும் சக்கரத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. கால் அழுத்துவதைக் கருவி அளந்து கணினிக்குச் சொல்லும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் எவ்வளவு அழுத்தம் என்று கணினி முடிவு செய்யும். எல்லாம் பழுதானால் மட்டும் பழைய எண்ணெய்க் குழாய் வழியே முன்சக்கரங்கள் பிரேக் பிடிக்கும். பிரமாதமாக வேலை செய்தது, வேலை செய்யும்வரை. 2004-இல் சுமார் 6,80,000 கார்களைத் திரும்ப அழைத்துச் சரிபார்க்க வேண்டியதாயிற்று. 2006-இல் இ கிளாஸில் அதைக் கைவிட்டு வழக்கமான பிரேக்குக்கே திரும்பினார்கள்.

அந்த அமைப்பில் ஒரு சின்ன விஷயம் எனக்கு மறக்கவே இல்லை. பிரேக்கை இயக்கும் பெட்டி, எத்தனை முறை பிரேக் பிடித்தீர்கள் என்று எண்ணிக்கொண்டே வரும். குறித்து வைத்த எண்ணிக்கையைத் தாண்டியதும், கார் நன்றாக நின்றுகொண்டிருந்தாலும், சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வரும்: பெட்டியை மாற்று. முதல் நாளிலிருந்தே ஆயுளை எண்ணிக்கொண்டிருக்கும் சித்திரகுப்தன். கணக்கு முடியும் நாளில் ஓட்டுநர் இருக்கையில் யார் உட்கார்ந்திருந்திருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மேலே சொன்னதெல்லாம் காரின் வயிற்றுக்குள் நடப்பவை. கண்ணுக்கு முன்னால் நடந்த மாற்றம் திரை. 2001-இல் பிஎம்டபிள்யூ தன் 7 சீரிஸில் நூற்றுக்கணக்கான வேலைகளை ஒரே குமிழுக்குள்ளும் ஒரு திரைக்குள்ளும் அடைத்தபோது, வானொலி நிலையத்தை மாற்றவே பயிற்சி வகுப்பு வேண்டும் என்று கேலி செய்தார்கள். இன்று அதே குமிழ் புதிய மாடல்கள் சிலவற்றில் இல்லை என்று வருத்தப்படுகிறார்கள். கையால் தடவியே கண்டுபிடிக்கலாம், கண்ணைச் சாலையிலிருந்து எடுக்க வேண்டாம் என்பதே காரணம். 2021-இல் மெர்சிடிஸ் இக்யூஎஸ் காரில் ஒரு கதவிலிருந்து மறு கதவு வரை 141 சென்டிமீட்டர் அகலத்துக்குக் கண்ணாடித் திரை விரித்தார்கள். உட்கார்ந்ததும் பிரமிப்பாக இருக்கும். குளிரூட்டியைக் கூட்டிக் குறைக்கும்போதுதான் பிரமிப்பு தெளியும்.

2022-இல் ஸ்வீடனின் வீ பில்எகாரே என்ற கார்ப் பத்திரிகை இதை அளந்தே பார்த்தது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே இருக்கை வெப்பத்தைக் கூட்டுவது, வானொலியை மாற்றுவது போன்ற சில வேலைகளைச் செய்ய வேண்டும். பொத்தான்கள் நிறைந்த 2005-ஆம் வருட வோல்வோ வி70 காரில் 10 விநாடியில் முடிந்தது. அதற்குள் கார் 306 மீட்டர் போயிருந்தது. பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ் என்ற புதிய மின்சாரக் காரில் அதே வேலைகளுக்கு 30.4 விநாடி, கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் தூரம். அந்த ஒரு கிலோமீட்டரில் ஓட்டுநரின் கண் சாலைக்கும் திரைக்கும் ஊசலாடிக்கொண்டிருந்தது. 2026 முதல், புதிய கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் போடும் யூரோ என்கேப் அமைப்பு, சைகை விளக்கு, அபாய விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனிப் பொத்தான் இல்லாத கார்களுக்கு மதிப்பெண்ணைக் குறைக்கிறது. ஹாரனுக்குப் பொத்தான் வேண்டும் என்று விதி எழுதுகிற நிலைக்கு வந்துவிட்டோம்!

திரைக்கு ஏன் இவ்வளவு மோகம்? வாடிக்கையாளர் கேட்டார் என்பது பாதி உண்மைதான். உலோகத்தில் கடைந்து, திருப்பும்போது விரலுக்கு இதமாக ‘டிக்’ என்று சொல்லும் ஒரு குமிழைச் செய்யத் தனி அச்சு வேண்டும், தனி வயர் வேண்டும், பல மாதச் சோதனை வேண்டும். திரையில் ஒரு பொத்தான் என்பது படம் மட்டுமே. பத்துப் பொத்தான் வரைந்தாலும் நூறு வரைந்தாலும் தொழிற்சாலைச் செலவு பெரிதாக மாறாது. ஆக, பணக்காரத்தனமாகத் தெரிவதுதான் செய்வதற்கு மலிவு. மிக மேலே உள்ளவர்களுக்கு இது தெரியும். பென்ட்லியின் கான்டினென்டல் ஜிடியில் திரை வேண்டாம் என்றால் அது சுழன்று மறைந்து, அந்த இடத்தில் வெறும் மரப் பலகையோ முள் வைத்த மூன்று வட்டங்களோ வந்து நிற்கும். 2024-இல் புகாட்டி வெளியிட்ட டூர்பியோனில் வேகமானி, கைக்கடிகாரம் செய்யும் சுவிஸ் கைவினைஞர்கள் 600-க்கும் மேற்பட்ட பாகங்களைக் கோத்து உருவாக்கியது. பல தலைமுறைக்குப் பிறகும் பழசாகத் தெரியக் கூடாது என்பதே அவர்கள் சொன்ன காரணம். பத்து வருடத்துக்கு முந்தைய கைபேசியை எடுத்துப் பார்த்தால் அந்தக் காரணம் விளங்கும். தோலும் மரமும் பழசானால் பதம் கூடும். திரை பழசானால் பழசுதான்.

வெளியுலகத்தோடு பேசும் கருவிகளின் ஆயுள் காரின் ஆயுளோடு பொருந்துவதே இல்லை. அமெரிக்காவில் 2008-இல் பழைய அனலாக் கைபேசி வலைப்பின்னலை மூடியபோது, விபத்து நடந்தால் தானே உதவி கேட்கும் வசதி பல சொகுசுக் கார்களில் ஒரே நாளில் ஊமையானது. 2022-இல் 3ஜி போனபோது அதே கதை திரும்ப நடந்தது. காரில் எதுவும் உடையவில்லை. மறுமுனையில் பேசுவதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

சந்தா விவகாரத்தில் மட்டும் என் நிதானம் கொஞ்சம் தவறிவிடுகிறது. வரைபடத்துக்கும் போக்குவரத்துத் தகவலுக்கும் மாதா மாதம் செலவு ஆகிறது. அதற்குச் சந்தா கேட்டால் புரிந்துகொள்ளலாம். ஆனால் 2022-இல் பிஎம்டபிள்யூ சில நாடுகளில் இருக்கையைச் சூடாக்கும் வசதிக்கே சந்தா வைத்தது. கம்பிச்சுருள் இருக்கைக்குள் ஏற்கெனவே இருக்கிறது. அதன் எடையை ஒவ்வொரு கிலோமீட்டரும் நீங்கள்தான் சுமந்துகொண்டு போகிறீர்கள். பூட்டுக்கு மட்டும் வாடகை. எதிர்ப்பு கிளம்பியதும் 2023-இல் அந்த இருக்கைத் திட்டத்தைக் கைவிட்டது. மெர்சிடிஸ் அமெரிக்காவில் தன் மின்சாரக் கார்களின் வேகமெடுக்கும் திறனைக் கூட்டித் தர வருடத்துக்கு 1,200 டாலர் கேட்டது. மோட்டார் அதே மோட்டார். பழைய கார் வாங்குபவருக்கு இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஓட்டிப் பார்த்தபோது இருந்த வசதி காருக்குச் சொந்தமா, விற்பவரின் கணக்குக்குச் சொந்தமா என்று காரைச் சுற்றி வந்து பார்த்தால் தெரியாது.

பழுது பார்ப்பதில் நிலைமை, சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்பதுதான். முன்பெல்லாம் ஹெட்லைட் அணைந்தால் பல்பை மாற்றினால் போதும். இப்போது உள்ளே பல டயோடுகள், எதிரே வரும் வாகனத்தின் கண்ணில் படாமல் ஒளியைத் துண்டு துண்டாக அணைக்கும் கணினி, திருகும் மோட்டார் எல்லாம் ஒரே பெட்டியாக ஒட்டி மூடப்பட்டிருக்கின்றன. இரவில் அது தரும் வெளிச்சத்துக்கு ஈடு கிடையாது. ஓட்டியவர்கள் பழைய விளக்குக்குத் திரும்ப மாட்டார்கள். ஆனால் ஒரு கல் பட்டு விரிசல் விட்டால் பெரும்பாலும் பெட்டி முழுவதையும்தான் மாற்ற வேண்டும். முன்கண்ணாடி உடைந்தால் புதிய கண்ணாடியை ஒட்டியதோடு வேலை முடியாது. அதற்குப் பின்னாலிருக்கும் கேமராவுக்குச் சாலை எங்கே இருக்கிறது என்று மறுபடி அளந்து கற்றுக்கொடுக்க வேண்டும். பம்பரில் சின்ன இடி என்றாலும், உள்ளே ரேடார் ஒரு மயிரிழை திரும்பியிருந்தால் அது பக்கத்துப் பாதையில் போகும் லாரியை உங்கள் பாதையில் இருப்பதாக நினைக்கும். பிஎம்டபிள்யூ கார்களில் பேட்டரியை மாற்றினால், மாற்றிய செய்தியைக் கணினிக்குப் பதிவு செய்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பழைய கிழட்டுப் பேட்டரிதான் இருக்கிறது என்று எண்ணி, புதியதற்கும் அதே மாதிரி மின்னேற்றி அதன் ஆயுளைக் கெடுக்கும்.

சாவி இல்லாமல் திறக்கும் கதவு வந்தபோது திருடர்களும் நவீனமானார்கள். ஒருவன் வீட்டு வாசலில் கருவியோடு நின்று உள்ளேயிருக்கும் சாவியின் சமிக்ஞையை வாங்குவான். இன்னொருவன் காரருகே அதை ஒலிபரப்புவான். சாவி பக்கத்தில் இருப்பதாக நம்பிக் கார் திறந்துகொள்ளும். 2011-லேயே சூரிச் ஆராய்ச்சியாளர்கள் எட்டு நிறுவனங்களின் பத்து மாடல்களில் இதைச் செய்து காட்டினார்கள். தூரத்தைத் துல்லியமாக அளக்கும் புதிய வகைச் சாவிகள் பிறகுதான் வந்தன. அதற்கு முன் விற்ற கார்கள் அப்படியேதான் ஓடுகின்றன.

மின்சாரத்துக்கு மாறுவதில் என் எண்ணம் இரண்டுபட்டிருக்கிறது. சொகுசுக் காரின் நூற்றாண்டு ஆசையே சத்தமும் அதிர்வும் இல்லாத பயணம்தான். ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் பிறப்பதற்கு முன்பே, 1900-இல், சார்லஸ் ரோல்ஸ் மின்சாரக் காரின் அமைதியையும் சுத்தத்தையும் மெச்சி, மின்னேற்றும் நிலையங்கள் வந்தால் அது மிகவும் பயன்படும் என்று சொல்லியிருக்கிறார். அந்த நிறுவனத்தின் முதல் மின்சாரக் கார் ஸ்பெக்டர் 2023-இல்தான் வாடிக்கையாளர் கைக்கு வந்தது. இவர்களின் அமைதி மோகம் சில சமயம் எல்லை மீறும்: 2020-இல் கோஸ்ட் காரை வடிவமைத்தபோது உள்ளே மிகவும் நிசப்தமாகி, உட்கார்ந்தவர்களுக்குத் தலை கிறுகிறுப்பது போல இருக்க, மெல்லிய ஒரு முணுமுணுப்பை வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள். மின்மோட்டாருக்கு அமைதி இயல்பிலேயே வருகிறது. கியர் மாறும் குலுக்கல் இல்லை, ஒழுகும் எண்ணெய் இல்லை. மூன்றாவது உரிமையாளருக்குக்கூட எஞ்சின் பக்கத்துத் தலைவலிகள் பல குறையும்.

மறுபக்கம் எடை. ஸ்பெக்டர் 3 டன்னை நெருங்குகிறது. அந்த எடையைத் தாங்க மீண்டும் ஏர் சஸ்பென்ஷன், அகலமான டயர், பெரிய பிரேக். பேட்டரிக்குப் பெரும்பாலும் எட்டு வருட உத்தரவாதம் தருகிறார்கள்; நல்ல பேட்டரி அதைத் தாண்டியும் உழைக்கும். விலை விழுவதற்குப் பேட்டரி கெட வேண்டியதே இல்லை. அடுத்த மாடல் இன்னும் தூரம் ஓடும், இன்னும் சீக்கிரம் மின்னேறும் என்று அறிவித்த அன்றே பழையது பழசாகிவிடுகிறது. இந்த வீழ்ச்சியில் அடிபடுபவர் முதல் உரிமையாளர் என்பது மட்டும் ஒரு புதுமை. அப்படி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குபவர், உதிரிபாகங்களின் விலை மட்டும் புதிய காரின் விலைப்பட்டியலிலேயே இருக்கிறது என்பதை முதல் பில்லில் தெரிந்துகொள்வார். யானையைச் சந்தையில் வாங்கிவிடலாம். தீனி வேறு கணக்கு.

பழைய காலத்தில் எல்லாம் எளிமையாக இருந்தது என்று பெருமூச்சு விடுபவர்களுக்கு மெர்சிடிஸ் 600-ஐ நினைவூட்டலாம். 1963-இல் வந்த அந்தக் காரில் கண்ணாடி, இருக்கை, பின்மூடி எல்லாவற்றையும் அழுத்தமேற்றிய எண்ணெய் இயக்கியது. மோட்டார் சத்தமே வராது. ஏறும் கண்ணாடிக்கு இடையில் விரல் சிக்கினால் விரலுக்கு உத்தரவாதமும் கிடையாது. ஒரு குழாய் கசிந்தால் கதவைப் பிரித்து மேய வேண்டும். 1981 வரை செய்தது மொத்தம் 2,677 கார்கள்தான். ஆனாலும் அவற்றில் பல இன்றும் ஓடுகின்றன, ஏனென்றால் கசியும் வளையத்தைக் கைத்திறன் உள்ள ஒருவர் அளந்து புதிதாகக் கடைந்துவிட முடியும். 2015-இல் செய்த காரின் கட்டுப்பாட்டுப் பெட்டி 2045-இல் செத்தால், உள்ளேயிருக்கும் சில்லையும் அதன் மென்பொருளையும் யாராலும் கடைய முடியாது.

இவ்வளவும் தெரிந்தும் பழைய சொகுசு கார் மேல் ஆசை விடவில்லை என்றால், விற்பவரிடம் காரை முதல் நாள் மாலையிலேயே சமதளத்தில் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். மறுநாள் காலை, யாரும் எஞ்சினை இயக்குவதற்கு முன் போய்ச் சேருங்கள். நான்கு சக்கர வளைவுகளுக்குள்ளும் விரலை விட்டுப் பாருங்கள்.